எல்லாருக்கும் பின்னால் நடந்தவர்

அவர் என் முகத்தை ஒருநாளும் நினைவில் வைத்துக்கொண்டதில்லை. தென்காசி மார்க்கெட் வாசலில் ஒருமுறை நேருக்கு நேர் எதிர்ப்பட்டு, "என்ன அண்ணே, சுகமா?" என்று கேட்டேன். மூன்று நாள் ஒரே சாலையில் நடந்து, ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள் நாங்கள். அவரோ கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தூரத்தில் வருகிற பேருந்தின் பலகையைப் படிக்க முயல்கிறவர் போல என்னைப் பார்த்தார். பிறகு பார்வையை இறக்கி என் காலைப் பார்த்தார். உடனே முகம் முழுக்கச் சிரிப்பு.

"அட, சாரே! செருப்பு போட்டிருக்கிய. அதான் சட்டுனு பிடிபடல."

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில், பழக்கடைகளும் சிப்ஸ் கடைகளும் முடிகிற இடத்தில், எண்ணெய் தேய்த்து மசாஜ் போடுகிறவர்கள் வரிசையாகப் பலகை போட்டிருப்பார்கள். மூன்றாவது பலகை அவருடையது. ஊர் கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டைப் பக்கம். அந்த 'சாரே' அங்கிருந்து வந்ததுதான். ஆனி ஆடியில் சாரல் விழுந்தால் அவருக்குத் தலை நிமிர நேரமிருக்காது. படுக்கிறவர்கள் எல்லாரும் குப்புறத்தான் படுப்பார்கள். இருபது முப்பது வருஷமாக மனிதர்களின் முதுகையும் குதிகாலையும் மட்டுமே பார்த்துப் பிழைத்த மனிதருக்கு முகங்கள் எங்கிருந்து பழகும்?

காலைப் பிடித்த மாத்திரத்தில் ஆளைச் சொல்லிவிடுவார். "இது கடைல நிக்குத கால்." "இது உக்காந்தே கெடக்கு, ஆபீஸ் கால்." மெட்ராஸிலிருந்து வந்த ஒருவரின் வலது காலைப் பிடித்துவிட்டு, "அண்ணாச்சி லாரி ஓட்டுதியளோ?" என்று கேட்டாராம். படுத்திருந்தவருக்குக் கோபம். "நான் டாக்டர்யா." இவர் விடவில்லை. "இருக்கட்டும். ஆனா இந்தக் கால் நாள் பூரா எதையோ மிதிக்கு." படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பல் டாக்டர். பல்லைக் குடைகிற கருவிக்குக் காலடியில்தான் பெடல்.

இந்தக் கதையை அவர் பெருமைக்காகச் சொல்லமாட்டார். யாராவது கேட்டால் சொல்வார். சொல்லும்போதும் நம் காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

தை பிறந்ததும் அவர் பலகையை மடக்கிப் பக்கத்துக் கடையில் சாத்திவிடுவார். பச்சை வேட்டி கட்டிக்கொண்டு, தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடக்கும் எங்கள் குழுவில் சேர்ந்துகொள்வார். எங்கள் குழு என்று இன்று சொல்கிறேன். அன்று அது எனக்கு அந்நியக் கூட்டம். முன்னால் சைக்கிள் சக்கரம் பூட்டிய சின்னச் சப்பரம் போகும். அதில் முருகன் படம், மின்னுகிற சீரியல் விளக்கு, காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி. சப்பரத்தை இழுக்கிற கயிற்றைப் பிடிக்கச் சின்னப் பிள்ளைகளுக்குள் போட்டி நடக்கும். வேல் பிடித்து முதலில் போகிறவர் இரும்புக்கடைக்காரரான எங்கள் குருசாமி. கடைசியில் போகிறவர் இவர். இவர் கையில் ஒரு கம்பு இருக்கும். அதன் உச்சியில் சைக்கிளிலிருந்து கழற்றிய சிவப்புக் கண்ணாடியைக் கம்பியால் கட்டியிருப்பார். விடிவதற்கு முன் பின்னால் வருகிற லாரிக்கு அது மின்னும். அந்தக் கம்புக்குப் பின்னால் யாரும் நடக்கக் கூடாது. ஒருவர் செருப்பு வாரை இழுத்துவிட நின்றாலும் இவரும் நிற்பார். ஒதுங்கப் போனால் சாலையின் மறுபக்கம் திரும்பி நின்று காத்திருப்பார். கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார், கடைசி ஆள் கை கழுவிய பிறகுதான் இலை போடுவார்.

குழுவில் அவருக்குப் பெயரே 'கடைசி' என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் குருசாமி கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"கடைசி வந்தாச்சா?"

"வந்தாச்சு."

அவர் வந்துவிட்டால் எல்லாரும் வந்தாயிற்று என்று அர்த்தம். எனக்கு இது பிடிக்கவில்லை. நான் பள்ளியில் கணக்கு ஆசிரியர். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனால் பேருந்து ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை தலையை எண்ணுகிறவன். நாற்பத்தொரு பேரை நெடுஞ்சாலையில் விட்டுவிட்டு, ஒரே ஒரு ஆள் வந்தாரா என்று கேட்டால் போதுமா?

"நான் எண்ணிக்கிடட்டுமா?" என்று குருசாமியிடம் கேட்டேன்.

"எண்ணுங்க சார். உங்களுக்கும் பொழுது போவணும்லா" என்றார் அவர்.

நான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தது பக்தியால் இல்லை, பயத்தால். என் மகள் கார்த்திகாவுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் கண் திறக்கவில்லை. அப்போது என் மனைவி திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டாள்: 'பிள்ளை பிழைத்தால் அவளையே நடத்திக் கூட்டி வாறேன்.' பிள்ளை பிழைத்தது. ஆனால் அவள் ஏழாம் வகுப்புக்கு வந்தபோது என் மனைவிக்கு இடுப்பில் தட்டு விலகி நடக்க முடியாமல் போயிற்று. நேர்த்தி பாக்கி நிற்கிறதே என்று அவளுக்குத் தூக்கமில்லை. கடைசியில் நான் ஆய்க்குடி முருகன் கோயிலில் மகளோடு மாலை போட்டுக்கொண்டேன். கிளம்புகிற அன்று விடியற்காலையில் மனைவி கார்த்திகாவுக்கு இரட்டைச் சடை பின்னிச் சிவப்பு ரிப்பன் கட்டினாள். பச்சைப் பாவாடை, பச்சைச் சட்டை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள். "பிள்ளைய விட்டுட்டு எங்கயும் பராக்கு பாத்துட்டு நிக்காதிய."

தென்காசி கோபுரத்தைத் தாண்டித் திருநெல்வேலிச் சாலையில் ஏறினோம். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்.

"சாரே, பாப்பாவுக்கு இடது கால் உள்ள பாக்கு."

திரும்பிப் பார்த்தேன். நாங்கள் தெருவிளக்கின் வெளிச்சத்தில் இருந்தோம்; பின்னால் இருட்டில் சிவப்புக் கண்ணாடி மட்டும் தெரிந்தது.

"என்னது?"

"நடக்கும்போது இடது பெருவிரல் வலது காலப் பாத்து திரும்புது. குத்தமில்ல. உங்களுக்கும் அப்படித்தான்."

எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷம் வளர்த்த பிள்ளை. அவள் எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் என்று பரீட்சை வாரியாகச் சொல்வேன். காலை நான் கவனித்ததில்லை. என் காலை யார் கவனித்தார்கள்? முன்பின் தெரியாத மனிதர் என் மகளின் நடையைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு வருவதும் பிடிக்கவில்லை. கார்த்திகாவின் கையைப் பிடித்து இரண்டு வரிசை முன்னால் தள்ளிப் போனேன். அவர் அதையும் கவனித்திருப்பார்.

பொழுது விடிந்ததும் பேச்சும் கேலியும் ஆரம்பித்தன. எங்களோடு வந்த ஆய்க்குடி டீக்கடை அண்ணாச்சி கனத்த சரீரம், சர்க்கரை வேறு. அன்றைக்குத்தான் வாங்கின வெள்ளை ஷூ போட்டிருந்தார்.

"அண்ணாச்சி, இந்த ஷூ திருச்செந்தூர் வரைக்கும் தாங்கும்" என்றார் கடைசி. "நீங்க தாங்க மாட்டிய."

"ஏன் டே, காலங்காத்தால வாய வைக்க?"

"நான் வாய வைக்கல அண்ணாச்சி. ஷூதான் கடிக்கப் போவுது."

பாவூர்சத்திரம் வருவதற்குள் அண்ணாச்சி ஷூவைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். எனக்கும் வெறுங்காலில் இரண்டு கொப்புளம் வந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கினேன். அண்ணாச்சி, நான், அவர் என்று மூன்று பேர் வாலில் சேர்ந்துகொண்டோம். கார்த்திகா துடித்தாள். "அப்பா, நான் போயிக் கயிறு பிடிக்கட்டா? எல்லாப் பிள்ளையளும் பிடிக்கு." முன்னால் தெரிந்த பெண்கள் இருக்கிறார்களே என்று போகச் சொன்னேன். சிவப்பு ரிப்பன்கள் ஆட ஓடினாள்.

அந்த வாலில்தான் அவர் ஏன் கடைசியில் நடக்கிறார் என்று சொன்னார். கேட்டவர் அண்ணாச்சி. தன் மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் கேட்டார்.

"மொத வருஷம் நான் எளவட்டம். சீதபற்பநல்லூர் தாண்டிக் காய்ச்சல். கொஞ்சம் உக்காந்துட்டு வாறேன்னு ஒரு புளியமரத்துல சாஞ்சேன். முழிச்சா பொழுது சாஞ்சிட்டு, கூட்டமே இல்ல. அங்கன பேட்டைல பந்தி போட்டிருக்காவ. எல்லாரும் சாப்ட்டாச்சு, ஒரு இலை மிச்சம் கெடந்துச்சாம். அப்பதான் நான் இல்லைன்னே தெரிஞ்சிருக்கு." அவர் சிரித்தார். "இலைதான் என்னத் தேடிச்சு, ஆளு தேடல."

நானும் சிரித்தேன்.

பாவூர்சத்திரத்தில்தான் சுரண்டைச் சாலையும் வந்து சேருகிறது. சுரண்டைப் பக்கத்துக் குழுக்கள் தங்கள் சப்பரங்களோடு வந்து எங்களோடு கலந்தன. எல்லாரும் பச்சை. எல்லாச் சப்பரமும் மின்னுகிறது. எல்லா ஒலிபெருக்கியிலும் ஒரே பாட்டு. போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டிப் பாதிக் கூட்டத்தை நிறுத்தினார், பாதியை விட்டார். சாலையை அகலப்படுத்துகிற வேலைக்காக ஓரமெல்லாம் மண் குவித்திருந்தார்கள். அந்த நெருக்கத்தைத் தாண்டி மூன்று பேரும் சாப்பாட்டுப் பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது.

நான் எண்ணினேன். பந்தலின் ஓரத்தில் நின்று, விரலை மடக்காமல், பழகிய கண்ணால். எங்கள் மூவரையும் சேர்த்து நாற்பத்தொன்று. பெண்கள் வரிசையில் எனக்கு முதுகைக் காட்டி இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், பச்சைச் சட்டை. சாப்பிடட்டும் என்று கூப்பிடவில்லை. ஒரு இலைகூட மிச்சமில்லை.

"கடைசி வந்தாச்சா?" என்றார் குருசாமி.

"வந்தாச்சு."

"நாப்பத்தொண்ணு சரியா இருக்கு" என்று நானும் சேர்த்துக்கொண்டேன்.

நாங்கள் மூவரும் அடுத்த பந்தியில் சாப்பிட்டுவிட்டு எழுவதற்குள் சப்பரம் கிளம்பிவிட்டது. முன்னால் இருபது முப்பது முதுகுகள் தள்ளி அந்தச் சிவப்பு ரிப்பன் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நொண்டினேன். அரை மைல் போயிருப்போம். அவர் என் பக்கத்தில் வந்தார். அவர் அப்படி யார் பக்கத்திலும் வந்து நான் பார்த்ததில்லை.

"சாரே, அது பாப்பா இல்ல."

"எது?"

"ரிப்பன் கட்டுன பிள்ள. ரெண்டு காலும் நேராப் போவுது."

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு என் கண்ணும் அந்தக் கால்களுக்குப் போயிற்று. இரண்டு பாதமும் ரயில் தண்டவாளம் போல நேராக, ஒன்றையொன்று பார்க்காமல் போய்க்கொண்டிருந்தன. கொப்புளம் இருந்தது நினைவில்லை. ஓடிப்போய்த் தோளைத் தொட்டுத் திருப்பினேன்.

வேறு முகம். வேறு யாரோ பெற்ற பிள்ளை, கையில் பாதி தின்ற வாழைப்பழத்தோடு என்னைப் பார்த்தாள்.

அந்த ஒரு கணத்தை நான் இன்னும் தாண்டவில்லை. கடைத்தெருவில் பச்சைச் சட்டை போட்ட பிள்ளையின் முதுகைப் பார்த்தால் இன்றைக்கும் முன்னால் போய் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

"நீ யாரு ம்மா?"

"சுரண்டை. கயித்தப் பிடிச்சிட்டு வந்தேன். அப்பறம் பாத்தா எங்க சப்பரத்தக் காணும். பின்னால வருதுன்னு நெனச்சேன் மாமா." பிறகு என் முகத்தைப் பார்த்து அவளுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. "எங்க அப்பா என்னையத் தேடுவாங்கல்லா?"

சந்தியில் கயிறுகள் கலந்தபோது இந்தப் பிள்ளை எங்கள் கயிற்றைப் பிடித்திருக்கிறது. என் பிள்ளை அவர்கள் கயிற்றை. எந்தக் குழு, எந்தச் சப்பரம் என்று தெரியாது. ஆலங்குளம் வரை முன்னால் ஏழெட்டுக் குழுக்கள் போய்க்கொண்டிருக்கின்றன. நடுவில் எத்தனை லாரி, எத்தனை மண்மேடு, எத்தனை அந்நியர்கள். குருசாமிக்குப் போன் அடித்தேன். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நடக்கிறவருக்கு எங்கே கேட்கும்? பிள்ளைக்கு அம்மா நம்பர்தான் தெரிந்திருந்தது. அடித்தேன். சுரண்டையில் வீட்டிலிருந்த அந்த அம்மா விஷயத்தைக் கேட்டதும் அலறினார்கள். அவர்கள் வீட்டுக்காரரும் போனை எடுக்கவில்லையாம்.

நான் ஓடத் தயாரானேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"நீங்க எங்க போறிய?"

"என் பிள்ள அண்ணே!"

"இந்தக் காலோட நூறு எட்டு ஓடுவிய. அதுக்கு மேல முடியாது. ஒவ்வொருத்தியையும் முன்னால போய்த் திருப்பித் திருப்பி மூஞ்சியப் பாக்கணும் உங்களுக்கு. எனக்கு அது வேண்டாம், பின்னால வந்தாலே போதும்." கம்பை என் கையில் திணித்தார். "பிடிங்க."

"இது எதுக்கு எனக்கு?"

"நான் போனா இங்கன கடைசி யாரு? இந்தப் பிள்ள இருக்கு. அண்ணாச்சி இருக்காவ. அவியளுக்குப் பின்னால நீங்க வாங்க." கொஞ்சம் தயங்கினார். "பின்னால தங்குறதுதான் சாரே எனக்குத் தெரியும். முன்னால தவறுனா நான் கண்டேனா? தப்பு என் பேர்லயும் இருக்கு."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். அவர் முதுகை நான் பார்த்தது அன்றைக்குத்தான். இத்தனை வருஷமாக அந்தச் சாலையில் அவர் முதுகை யாருமே பார்த்திருக்கமாட்டார்கள்.

அவர் கண்ணுக்கு மறைந்ததும் என் உறுதியும் மறைந்துவிட்டது. கம்பை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு, "பிள்ளையப் பாத்துக்கிடுங்க, நான் இப்ப வந்துருதேன்" என்றேன்.

"போங்க சார், போங்க. நான் கூட்டிட்டு வாறேன்" என்றார் அண்ணாச்சி. முப்பது நாற்பது எட்டு போனேன். ஏனோ திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி ஒரு பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தார் என்பதைவிடச் சரிந்தார் என்று சொல்ல வேண்டும். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. கம்பு சாலையில் கிடந்தது. சுரண்டைப் பிள்ளை அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

நான் திரும்பிப் போனேன். என் வாழ்க்கையில் நான் நடந்த மிக நீளமான தூரம் அந்த நாற்பது எட்டுதான். அண்ணாச்சிக்குச் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று தோன்றியது; பிள்ளையின் கையிலிருந்த மிச்ச வாழைப்பழத்தை வாங்கி அவர் வாயில் ஊட்டினேன். என் பையிலிருந்த கடலை மிட்டாயையும் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் கண் தெளிந்தது. "மானத்த வாங்காதிய சார், குருசாமிகிட்டச் சொல்லிராதிய" என்றார். கம்பை எடுத்தேன். சுரண்டை அம்மாவுக்கு மறுபடியும் போன் போட்டேன்.

"அம்மா, உங்க பிள்ள எங்கிட்டதான் இருக்கா. நான்தான் கடைசி ஆள். இவளைத் தாண்டி நான் ஒரு எட்டு முன்னால போகமாட்டேன். அழாதிய."

போனை வைத்ததும் என் மனைவி அழைத்தாள். "சாப்பாடு ஆச்சா? பாப்பாட்டக் குடுங்க."

"முன்னால போறா" என்றேன்.

"என்ன, குரல் ஒருமாதிரி இருக்கு?"

"கால் வலி."

நடந்தோம். பிள்ளை முன்னால், அண்ணாச்சி நடுவில், நான் கடைசியில். அண்ணாச்சி நின்றால் நின்றேன். அவர் மூச்சு வாங்கினால் காத்திருந்தேன். கடைசியில் நடக்கிறவனுக்கு என்ன தண்டனை தெரியுமா? நம் வேகத்தில் நடக்க முடியாது. என் உயிர் முன்னால் எங்கோ இடது பாதத்தை உள்ளே திருப்பிக்கொண்டு போய்க்கொண்டிருக்க, நான் டீக்கடை அண்ணாச்சியின் வேகத்தில் நடந்தேன். வெயில் முதுகில் சாய்ந்தது. சுரண்டைப் பிள்ளை அடிக்கடி திரும்பி, "மாமா, இருக்கியளா?" என்று கேட்டாள். "இருக்கேன்" என்றேன். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை.

ஆலங்குளம் நெருங்கும்போது ஒரு பேருந்து நிழற்குடை. அங்கே ஒரு பச்சை வேட்டிக்காரர் எழுந்து, நாங்கள் வருவதற்குள் ஓடிவந்து, சுரண்டைப் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் கார்த்திகா. நிழற்குடையின் தூணில் சாய்ந்து, கையில் ஐஸ் குச்சியோடு, ஒன்றுமே நடக்காத முகத்தோடு நின்றாள்.

"அப்பா, நீங்க ஏன் இவ்வளவு லேட்டு?"

அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். அவளே சொன்னாள்: "அந்த மாமா ரொம்ப நேரமா எனக்குப் பின்னாலயே வந்தாவ. நான் திரும்பி மொறச்சேன். 'நீ கணக்கு சார் மகதான?'ன்னு கேட்டாவ. எப்படித் தெரியும்னு கேட்டா, 'ரெண்டு தடவ சரி பாத்துட்டேன்'ங்காவ."

நான்காவது குழுவில் பிடித்திருக்கிறார். அவசரப்பட்டுத் தொடவில்லை. பத்துப் பதினைந்து எட்டு பின்னாலேயே நடந்து, இடது பெருவிரல் உள்ளே திரும்புவதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் கூப்பிட்டிருக்கிறார்.

அவர் நிழற்குடைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். பாதம் இரண்டிலும் தார் ஒட்டியிருந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் பார்வை எனக்குப் பின்னால் சாலையின் மீது இருந்தது.

"பின்னால யாரும் இல்லல்லா?"

"இல்ல."

"அப்ப சரி."

கம்பை வாங்கிக்கொண்டார். "போங்க, முன்னால போங்க. நேரமாச்சு." அவ்வளவுதான். நாங்கள் எல்லாரும் முன்னால் போனோம். அவர் தன் இடத்துக்குப் போய்விட்டார். நான் வேலை பார்க்கிற பள்ளியில் எனக்கு மாலை போட்டிருக்கிறார்கள், மேடையில் புகழ்ந்திருக்கிறார்கள். அந்த 'அப்ப சரி'யை நான் எதற்கும் மாற்றிக்கொள்ளமாட்டேன்.

அன்று சாயங்காலம் மண்டபத்தில் என் காலை மடியில் வைத்துக் கொப்புளத்துக்கு மருந்து போட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் காலை நீட்டக்கூடக் கூச்சப்படுகிறவன் நான். அவர் கையில் என் கால் கூச்சமில்லாமல் கிடந்தது. "நாப்பத்தொண்ணு சரியாத்தான் அண்ணே இருந்துச்சு" என்றேன், இன்னும் அந்தக் கணக்கை விட முடியாமல்.

"இருக்கும் சாரே. எண்ணிக்கை சரியாத்தான் இருக்கும். யாருன்னு பாக்கணும்லா?"

நேர்த்தி நிறைவேறியது. மூன்றாம் நாள் கடலில் குளித்தோம். ஆனால் அடுத்த தையிலும் நான் போனேன், நேர்த்தி எதுவும் இல்லாமல். அதற்கடுத்த தையிலும். அவருக்குப் பக்கத்திலேயே வாலில் நடப்பேன். ஒவ்வொரு வருஷமும் காலையில் என் முகத்தைப் பார்த்து விழித்துவிட்டு, நான் நாலு எட்டு வைத்ததும் "அட, சாரே!" என்பார். நான்காவது வருஷம் அவர் வரவில்லை. முழங்கால் போய்விட்டது, பலகையைக் கொடுத்துவிட்டுப் புனலூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். குருசாமியின் கையில் அந்தக் கம்பு இருந்தது. அதை என்னிடம் நீட்டினார்.

இப்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் குருசாமி "கடைசி வந்தாச்சா?" என்று கேட்கும்போது அது என்னைத்தான். கார்த்திகா வீட்டில் கேலி செய்வாள்: "ஊர்ப் பிள்ளையள எல்லாம் முதல்ல வா, முதல்ல வான்னு அடிப்பாவ. இவிய மட்டும் கடைசி." என் மனைவி சிரிப்பாள். அன்று மத்தியானம் நடந்தது அவளுக்குத் தெரிந்தது நாலு வருஷம் கழித்துத்தான். தெரிந்த அன்று என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் அந்தக் கம்பைத் துடைத்து, கண்ணாடியை இறுக்கிக் கட்டி வைத்திருந்தாள்.

போன வாரம் கார்த்திகாவைக் கோயம்புத்தூரில் நர்சிங் கல்லூரியில் கொண்டுபோய் விட்டேன். தென்காசியில் சாரல் விழுந்துகொண்டிருந்தது, அங்கே நல்ல வெயில். முதல் நாளே எல்லாப் பிள்ளைகளுக்கும் வெள்ளைச் சீருடை கொடுத்து, கொண்டையை வலைக்குள் அடக்கி, வரிசையில் நிறுத்திவிட்டார்கள். பெற்றோர் கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம். வரிசை விடுதியைப் பார்த்து நகர்ந்தது. நூறு முதுகுகள், நூறும் வெள்ளை. என் பக்கத்தில் நின்ற ஓர் அம்மா எம்பி எம்பிப் பார்த்து, "எம் பொண்ணு எதுன்னே தெரியலையே" என்று அழுதார்கள்.

நான் குனிந்து கால்களைப் பார்த்தேன். மூன்றாவது வரிசை, ஓரத்திலிருந்து இரண்டாவது. இடது பாதம் கொஞ்சம் உள்ளே திரும்பி, வலது பாதத்தைப் பார்த்துக்கொண்டே போனது. படி ஏறியது. உள்ளே போயிற்று.

பிறகும் நின்றேன். அழுத அம்மாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். தண்ணீர் பாட்டிலை விட்டுப்போன ஒருவரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். காவலர் சாவிக்கொத்தோடு வந்தார்.

"சார், கேட்டச் சாத்தட்டுங்களா? வேற யாராச்சும் இருக்காங்களா?"

நான் ஒருமுறை திரும்பி, சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தேன்.

"யாரும் இல்ல. நான்தான் கடைசி" என்றேன்.